முதல் ஸ்போர்ட்ஸ் பைக்காக 600 சிசி வாங்கலாமா?

இந்தக் கேள்வியைக் கேட்டவருக்கு ஸ்கூட்டர் மட்டும்தான் பழக்கம். கியர் வண்டி நாலைந்து தடவை தொட்டதோடு சரி. உயரமும் கொஞ்சம் குறைவு. ஸ்போர்ட்ஸ் பைக் மேல் ஆசை. "300, 400 எல்லாம் ஆறே மாதத்தில் சலித்துவிடும், நேராக 600 எடு, நிதானமாக ஓட்டினால் ஆயிற்று" என்கிறார்கள் நண்பர்கள். புதிது வாங்குவதா, பழையதா என்பது இன்னொரு குழப்பம்.

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 600 வேண்டாம். 300-க்கும் 500-க்கும் இடையில், இரண்டு சிலிண்டர், ஏபிஎஸ் (பிரேக்கை அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏற்பாடு) உள்ள வண்டியாகப் பாருங்கள். முடிந்தால் ஓரிரு வருடம் ஓடிய, அடிபடாத பழைய வண்டி. ஒன்றரை வருடத்தில் விற்கப்போகிறோம் என்ற கணக்கோடு வாங்குங்கள். ஏன் என்பதற்குத்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

600 சிசி என்பது கார் உலகத்தில் பொடி எஞ்சின். அந்த நினைப்பிலேயே பலர் ஏமாறுகிறார்கள். யமஹா ஆர்6-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 599 சிசி, நான்கு சிலிண்டர், ஏறத்தாழ 118 குதிரைத்திறன், எல்லா திரவங்களும் நிரப்பிய எடை 190 கிலோ. அதே நிறுவனத்தின் ஆர்3, 321 சிசி, இரண்டு சிலிண்டர், 42 குதிரைத்திறன், 169 கிலோ. ஒரு கிலோ எடைக்கு எவ்வளவு திறன் என்று வகுத்துப் பார்த்தால் ஆர்3-க்கு கால் குதிரை, ஆர்6-க்கு அரைக்கும் மேல். 200 குதிரைத்திறனும் 200 கிலோவும் கொண்ட ஆர்1-க்கு முழுதாக ஒன்று. ஆர்6 ரேஸ் டிராக்கை மனதில் வைத்துச் செய்யப்பட்டு, விளக்கும் இண்டிகேட்டரும் மாட்டி சாலைக்கு அனுப்பப்பட்ட வண்டி. ஹோண்டா சிபிஆர்600ஆர்ஆர், கவாசாகி இசட்எக்ஸ்-6ஆர், சுசுகி ஜிஎஸ்எக்ஸ்-ஆர்600 எல்லாம் அதே குடும்பம்தான். இவை முதல் கியரிலேயே மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டிவிடும்.

"திறன் எவ்வளவு இருந்தால் என்ன, முறுக்குவது என் கைதானே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வேண்டுமென்று முறுக்கும்வரை அது சரிதான். புதிதாக ஓட்டுபவரை விழவைப்பது அவர் வேண்டாமலே முறுக்கும் முறுக்கு. நடப்பது இப்படி. கிளட்சைக் கொஞ்சம் வேகமாக விடுகிறீர்கள், வண்டி முன்னால் பாய்கிறது. உடம்பு பின்னால் சாய்கிறது. கை இரண்டும் நீள்கின்றன. வலது கை நீளும்போது மணிக்கட்டு தானாகக் கீழே இறங்கும். இறங்கினால் ஆக்ஸிலேட்டர் இன்னும் திறக்கும். திறந்தால் வண்டி இன்னும் பாயும், உடம்பு இன்னும் பின்னால் போகும். பயத்தில் பிடியை இறுக்குவோமே தவிர விடமாட்டோம். இந்தச் சுற்று முழுவதும் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். 42 குதிரைத்திறன் வண்டியில் அந்த ஒரு நொடியில் பெரும்பாலும் ஒரு குலுக்கலோடு தப்பிக்கலாம். 118-ல் முன் சக்கரம் தூக்கலாம், அல்லது எதிரில் நிற்கும் கார் வந்துவிடும். மனக்கட்டுப்பாட்டுக்கு இங்கே வேலையே இல்லை, யோசிக்க நேரமிருந்தால்தானே.

இன்னொரு சங்கதி, திறன் எந்த ஆர்பிஎம்மில், அதாவது எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றும்போது, வருகிறது என்பது. ஆர்6-ன் உச்சத் திறன் 14,500 ஆர்பிஎம்மில், உச்ச இழுவை 10,500-ல். அதாவது ஊருக்குள் ஓட்டும் 3,000, 4,000-ல் அது சாதுவாக, ஏன், கொஞ்சம் மந்தமாகவே இருக்கும். சிக்னலில் கிளம்பும்போது போதிய ஆக்ஸிலேட்டர் கொடுக்காவிட்டால் ஆஃப் ஆகிவிடும். கற்றுக்கொள்பவர் அதைப் பார்த்து "இவ்வளவுதானா" என்று நினைத்து ஒருநாள் நன்றாக முறுக்குவார். முள் பாதியைத் தாண்டியதும் அதுவரை பார்த்த வண்டி வேறு, இது வேறு. ஆர்3-லும் உச்சத் திறன் 10,750-ல்தான் வருகிறது, ஆனால் கீழே இருந்து மேலே போகும் பாதை படியில்லாத சாய்தளம் போல இருக்கும். தவறு செய்தால் அது முதலில் எச்சரிக்கும்.

பிரேக்கும் அப்படித்தான். ஆர்6-ன் முன் சக்கரத்தில் 320 மி.மீ. டிஸ்க் இரண்டு. ஆர்3-ல் 298 மி.மீ. ஒன்றே ஒன்று. பெரிய பிரேக் நல்லதுதானே என்றால், அழுத்தத் தெரிந்தவருக்கு நல்லது. பயந்தவுடன் நான்கு விரலாலும் லீவரை வெடுக்கென்று இழுப்பது கற்றுக்குட்டியின் இயல்பு. மெதுவாகப் போய்க்கொண்டு ஹேண்டில்பாரைத் திருப்பியிருக்கும் நேரத்தில் அப்படி இழுத்தால், ஏபிஎஸ் வேலை செய்யும் முன்பே வண்டி தரையில் இருக்கும். வளைவின் நடுவில் இழுத்தால் வண்டி நிமிர்ந்துகொண்டு வளைவைவிட்டு வெளியே ஓடும்.

ஆக, பார்க்க வேண்டியது சிசியை அல்ல என்பது புரிந்திருக்கும். ஒரு எடுத்துக்காட்டு போதும்: கவாசாகி நின்ஜா 400-ம் இசட்எக்ஸ்-4ஆர்-ம் இரண்டுமே 399 சிசி. முன்னது இரண்டு சிலிண்டர், 45 குதிரைத்திறன், 168 கிலோ. பின்னது நான்கு சிலிண்டர், 77 குதிரைத்திறன், ஏறக்குறைய 190 கிலோ, உச்சத் திறன் வர 14,500 ஆர்பிஎம் வேண்டும். "400 சிசிதானே" என்று பின்னதை முதல் வண்டியாக எடுத்தால் குட்டி ஆர்6-ஐத்தான் வீட்டுக்குக் கொண்டுவருகிறீர்கள்.

ஐரோப்பாவில் பைக் ஓட்டப் படிப்படியாகத் தரும் உரிமங்களில் நடுப்படியான ஏ2 இந்த விஷயத்தில் நல்ல அளவுகோல், நீங்கள் எங்கிருந்தாலும் பயன்படுத்தலாம். திறன் 35 கிலோவாட்டைத் தாண்டக்கூடாது, அதாவது ஏறத்தாழ 47 குதிரைத்திறன். கிலோவுக்கு 0.2 கிலோவாட் மேல் இருக்கக்கூடாது. பெரிய வண்டியின் திறனைக் குறைத்து ஓட்டலாம், ஆனால் அதன் அசல் திறன் 70 கிலோவாட்டுக்குள் இருந்திருக்க வேண்டும். 87 கிலோவாட் கொண்ட ஆர்6-க்கு அந்தக் கதவும் மூடியாகிவிட்டது. ஆஸ்திரேலியாவில் புதியவர்களுக்கு 660 சிசி வரை அனுமதி உண்டு, ஆனால் அங்கும் எடைக்கு இவ்வளவுதான் திறன் என்று வரம்பு போட்டிருக்கிறார்கள். வெறும் சிசியை மட்டும் வைத்து முடிவெடுக்கக்கூடாது என்று சட்டம் எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

இந்த வரம்புக்குள் வரும் வண்டிகளைப் பார்ப்போம். ஆர்3 பற்றிச் சொல்லியாயிற்று. இருக்கை உயரம் 780 மி.மீ., உயரம் குறைந்தவருக்கு ஏற்றது. நின்ஜா 400-ன் இருக்கை 785 மி.மீ., எடை ஆர்3 அளவுதான், ஆனால் கீழ் ஆர்பிஎம்மில் இழுவை அதிகம் என்பதால் ஊருக்குள் கியர் மாற்றும் வேலை குறைவு. கிளட்ச் லீவரும் பஞ்சு போல இருக்கும். இரண்டில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு எடு என்றால் என் கை நின்ஜா பக்கம்தான் போகும். அதற்குப் பதிலாக வந்த நின்ஜா 500, 451 சிசி, குணம் அதேதான். ஹோண்டா சிபிஆர்500ஆர், 471 சிசி, 35 கிலோவாட் வரம்புக்கென்றே அளவெடுத்துத் தைத்தது. 192 கிலோ என்பதால் தள்ளும்போதும் திருப்பும்போதும் கனம் தெரியும், ஆனால் நெடுஞ்சாலையில் அந்த எடையே நிம்மதி தரும். தினமும் நீண்ட தூரம் போகிறவருக்கு இதைத்தான் சொல்வேன். ஏப்ரிலியா ஆர்எஸ் 457-ம் அதே திறன்தான், எடை 175 கிலோ. கேடிஎம் ஆர்சி 390 ஒற்றை சிலிண்டர், 373 சிசி, 44 குதிரைத்திறன். ஓட்டத் தெரிந்தவர் கையில் துள்ளும் வண்டி. ஆனால் இருக்கை 820 மி.மீ.க்கு மேல், முன்னால் குனிந்து உட்கார வேண்டும், மெதுவாகப் போகையில் எஞ்சின் உதறும். உங்கள் உயரத்துக்கு இது இரண்டாவது வண்டியாக இருக்கட்டும்.

150 சிசி ரகத்திலிருந்து, உதாரணமாக 155 சிசி ஆர்15-லிருந்து, ஆரம்பிப்பதும் தவறில்லை. ஊருக்குள் மட்டும் ஓட்டுபவருக்கு அது கச்சிதம். வேகமான நெடுஞ்சாலையில் லாரியை முந்தும்போதுதான் மூச்சு வாங்கும்.

650 ரகம் கலவையானது. நின்ஜா 650, 68 குதிரைத்திறன், நிமிர்ந்து உட்காரும் வண்டி. பயிற்சி முடித்த, நல்ல உயரமும் எடையும் உள்ள ஒருவருக்கு ஒப்புக்கொள்ளலாம். யமஹா ஆர்7, 73 குதிரைத்திறன், இருக்கை 835 மி.மீ., குனிவும் அதிகம். அடுத்த வண்டிக்கு அருமையான தேர்வு, முதலுக்கு வேண்டாம். 95 குதிரைத்திறன் கொண்ட சிபிஆர்650ஆர்-ஐ இந்தப் பட்டியலிலேயே சேர்க்காதீர்கள்.

சலித்துவிடும் என்கிற நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. சின்ன வண்டியை நன்றாக ஓட்டுவது என்றால் வளைவுக்குள் வேகத்தைக் காப்பாற்றுவது, சரியான கியரில் நுழைவது, பிரேக்கை அளந்து விடுவது. திறன் குறைவாக இருப்பதால் வளைவில் தொலைத்த வேகத்தை நேர்ச்சாலையில் முறுக்கி ஈடுகட்ட முடியாது. தவறு உடனே முகத்தில் அடிக்கும். பெரிய வண்டியில் ஆரம்பித்தவர்கள் பலர் நேர்ச்சாலையில் அம்பாகப் போய், வளைவு வந்ததும் மாட்டுவண்டி வேகத்துக்கு இறங்குவதைப் பார்க்கலாம். பயத்தோடு கற்ற கை அப்படித்தான் இருக்கும். சலித்தால் விற்றுவிடலாம். இந்த ரக வண்டியை வாங்க அடுத்த புதியவர் எப்போதும் இருப்பார்.

எலெக்ட்ரானிக்ஸில் ஏபிஎஸ் கட்டாயம். இல்லாத வண்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள். சாதாரண ஏபிஎஸ் நேராகப் போகும்போதுதான் முழுப் பாதுகாப்பு என்பதையும் நினைவில் வையுங்கள். சாய்ந்திருக்கும்போதும் அளந்து விடும் ஏபிஎஸ்-க்குச் சாய்வை உணரும் சென்சார் தனியாக வேண்டும், அது பெரும்பாலும் விலை கூடிய வண்டிகளில்தான். அடுத்த இடம் ஸ்லிப்பர் கிளட்சுக்கு. கியரை அவசரமாக இரண்டு படி இறக்கிக் கிளட்சைச் சட்டென்று விட்டால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு துள்ளும். ஸ்லிப்பர் கிளட்ச் அதைத் தணிக்கும். நின்ஜா 400-ல் அது உண்டு. டிராக்‌ஷன் கன்ட்ரோல் (முறுக்கும்போது பின் சக்கரம் வழுக்காமல் திறனைக் குறைப்பது) 45 குதிரைத்திறனுக்கு இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் குறையில்லை. குவிக்‌ஷிஃப்டருக்காக ஒரு பைசா அதிகம் தராதீர்கள். அது கிளட்ச் பிடிக்காமலே கியர் மாற்ற உதவும் கருவி; கிளட்ச் பிடித்துக் கியர் மாற்றக் கற்றுக்கொள்ளும் காலம் இது. லிட்டர் பைக்கில் (ஆர்1 போன்ற 1000 சிசி வண்டியில்) மழை மோடு போட்டு ஓட்டலாமே என்றும் சிலர் சொல்வார்கள். மோடு ஆக்ஸிலேட்டரை மென்மையாக்கும். எடை, குனிவு, பிரேக்கின் கடி எல்லாம் அப்படியேதான் இருக்கும்.

உட்கார்ந்து பார்ப்பதில் அவசரம் கூடாது. இரண்டு காலிலும் முன்பாதம் அழுத்தமாகத் தரையில் ஊன்றினால் போதும், குதிகால் படிய வேண்டும் என்பதில்லை. மி.மீ. கணக்கை மட்டும் நம்பவும் வேண்டாம். இருக்கையின் முன்பகுதி குறுகலாக இருந்தால் 790-ம் எட்டும், அகலமாக இருந்தால் 780-ம் எட்டாது. பிறகு ஒருவரைப் பின்னால் பிடித்துக்கொள்ளச் சொல்லி, இரண்டு காலையும் ஃபுட்ரெஸ்டில் வைத்து, பத்து நிமிடம் அப்படியே இருங்கள். முழங்காலால் டேங்கை அணைத்துக்கொண்டு கையிரண்டையும் லேசாகத் தூக்கிப் பாருங்கள். முதுகும் வயிறும் உங்களைத் தாங்கினால் சரி. முன்னால் விழுந்துவிடுவது போலிருந்தால் சாலையில் அந்தப் பாரம் முழுவதும் மணிக்கட்டில் இறங்கும். பாரம் ஏறிய கையால் ஹேண்டில்பாரை நுணுக்கமாகத் திருப்ப முடியாது.

ஹேண்டில்பார் எங்கே பொருத்தப்பட்டிருக்கிறது என்பதைப் பார்த்தாலே வண்டியின் நோக்கம் தெரிந்துவிடும். முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் இரண்டு குழாய்களையும் உச்சியில் பிணைக்கும் தட்டு ஒன்று இருக்கும். அந்தத் தட்டுக்கு மேலே ஹேண்டில்பார் இருந்தால் சாலைக்கான உட்காரல், நின்ஜா 400 அப்படி. தட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் டிராக்குக்கானது, ஆர்6 அப்படி.

கால் எட்டவில்லை என்று பின் சஸ்பென்ஷனில் வண்டியைத் தாழ்த்தும் லிங்க் மாட்டச் சொல்வார்கள். அவசரப்படாதீர்கள். பின்பக்கம் மட்டும் இறங்கினால் முன் ஃபோர்க்கின் சாய்வு மாறி வண்டி திரும்பச் சோம்பல்படும், சாய்க்கும்போது தரை உரசும். சைடு ஸ்டாண்டு இப்போது நீளமாகிவிட்டதால் வண்டி நிமிர்ந்து நிற்கும். லேசாகத் தட்டினால் மறுபக்கம் சாயும். முதலில் சோல் தடித்த ரைடிங் பூட்ஸ் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் அதுவே போதும்.

புதிதா பழையதா என்றால் எனக்குப் பழையதுதான். காரணம் ஒன்றே. முதல் வருடத்தில் வண்டி கீழே விழும், அதுவும் பெரும்பாலும் நிற்கும்போது: ஸ்டாண்டு போட மறந்து, சரிவில் திருப்பும்போது கால் எட்டாமல், சிக்னலில் ஆஃப் ஆகி ஒரு பக்கம் சாய்ந்து. ஸ்போர்ட்ஸ் பைக்குக்குச் சட்டை போல ஃபேரிங் இருப்பதால் நின்ற இடத்தில் விழுந்தாலே ஃபேரிங், கிளட்ச் லீவர், இண்டிகேட்டர், கியர் லீவர் என்று ஒரு சுற்று செலவு வைக்கும். ஏற்கெனவே ஒரு கீறல் உள்ள வண்டியில் இரண்டாவது கீறல் மனதை அறுக்காது.

ஆனால் பழைய ஸ்போர்ட்ஸ் பைக்கைப் பார்க்கத் தனிக் கண் வேண்டும், ஏனென்றால் இவை விழுந்து எழுந்து வரும் ரகம். பார்க்கப் போவதாகச் சொல்லும்போதே "நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். போனவுடன் எஞ்சின்மேல் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் குளிர்ந்த எஞ்சினின் ஏதோ ஒரு நோயை மறைக்கிறார்கள் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஹேண்டில்பாரின் முனை, லீவர் நுனி, ஃபுட்ரெஸ்ட் நுனி, சைலன்சரின் ஓரம், எஞ்சினின் பக்கவாட்டு மூடி, இந்த ஐந்தும் விழுந்த வண்டியின் சாட்சிகள். ஒன்றில் மட்டும் கீறல் என்றால் நின்ற இடத்தில் சாய்ந்தது. ஒரே பக்கத்தில் ஐந்திலும் நீள நீளமாக உரசல் என்றால் ஓடும்போது விழுந்து இழுபட்டது. எல்லாமே புத்தம் புதிதாக, ஒரு பக்கம் மட்டும் மாற்றப்பட்டிருந்தால் அதுவும் பதில்தான். அடுத்து ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, அது போய் முட்டும் நிறுத்திகளைப் பாருங்கள். சேஸிஸின் கழுத்தில் இருக்கும் சின்ன உலோக முனைகள் அவை. அவற்றில் ஒன்று நசுங்கியோ உடைந்தோ இருந்தால் முன் சக்கரம் பலமாக அடிவாங்கியிருக்கிறது. விலை எவ்வளவு இறங்கினாலும் திரும்பி வந்துவிடுங்கள். ஃபேரிங்குக்கு ஸ்டிக்கர் ஒட்டிப் புதுப்பிக்கலாம், ஆனால் அதைப் பிடிக்கும் உள்பக்கக் காதுகள் உடைந்திருந்தால் மறைப்பது கடினம். டார்ச் அடித்துப் பாருங்கள்.

முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டில்பாரை மெல்ல ஆட்டும்போது நேர்நிலையில் "டக்" என்று ஒரு குழியில் விழுவது போலிருந்தால் கோன் செட் (ஹேண்டில்பார் திரும்பும் பேரிங்) போய்விட்டது. அதே நிலையில் ஃபோர்க்கைக் கீழிருந்து பிடித்து முன்னும் பின்னும் அசைத்தால் ஆட்டம் இருக்கக்கூடாது. ஃபோர்க் குழாயில் எண்ணெய் வளையம் தெரிந்தால் சீல் கசிகிறது, செலவோடு தீரும் வேலை. அந்த எண்ணெய் பிரேக் பேடில் இறங்கியிருந்தால் பேடும் சேர்ந்து போகும். பின்பக்கப் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் கடைக்கோடியில் செயினைப் பிடித்துப் பின்னால் இழுத்துப் பாருங்கள்; பல்லில் பாதிக்கு மேல் வெளியே தெரிந்தால் செயின் முடிந்தது. சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி நாலு இடத்தில் செயின் தொய்வைப் பாருங்கள். ஒரு இடத்தில் இறுக்கமும் இன்னொரு இடத்தில் தொங்கலுமாக இருந்தாலும் அதே தீர்ப்பு. செயின் மாற்றினால் இரண்டு ஸ்ப்ராக்கெட்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. டயரின் வரிப்பள்ளம் நன்றாகத் தெரிந்தாலும் ஆறு வருடம் தாண்டிய ரப்பர் காய்ந்து பிடிப்பை இழந்திருக்கும். குறைந்த கிலோமீட்டர் காட்டும் வண்டியில் ஃபுட்ரெஸ்ட் ரப்பரும் ஹேண்டில் கிரிப்பும் வழவழவென்று தேய்ந்திருந்தால் மீட்டரை நம்பாதீர்கள். பிரேக் டிஸ்கில் குறைந்தபட்சத் தடிமன் பொறிக்கப்பட்டிருக்கும், தடிமன் அளக்கும் வெர்னியர் காலிப்பர் ஒன்றைக் கொண்டுபோய் அளந்துவிடலாம். பிரேக் ஆயில் தேநீர் நிறத்துக்கு வந்திருந்தால் வருடக்கணக்கில் மாற்றவில்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது அது.

இப்போது ஸ்டார்ட் செய்யுங்கள். சாவி போட்டதும் ஏபிஎஸ் விளக்கு எரிய வேண்டும், வண்டி சற்று நகர்ந்ததும் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் யாரோ விளக்கின் வாயை அடைத்திருக்கிறார்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. எஞ்சின் சூடான பின்னும் நிற்காத வெள்ளைப் புகை கூலன்ட் உள்ளே போவதைச் சொல்லும். பேட்டரி முனைகளில் மீட்டர் வைத்தால், எஞ்சினைச் சற்று உயர்த்தி ஓடவிடும்போது 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். 13-க்குக் கீழே நின்றால் சார்ஜிங் பகுதியில் கோளாறு. ஓட்டும்போது மேல் கியரில், குறைந்த வேகத்தில் திடீரென்று முறுக்குங்கள். ஆர்பிஎம் முள் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் தட்டு வழுக்குகிறது. உங்களுக்கு ஓட்டிப் பார்க்கும் அளவுக்குக் கை வரவில்லையென்றால் தெரிந்த ஒருவரை அழைத்துப் போங்கள், இதில் கூச்சம் வேண்டாம்.

டிராக்கில் ஓடிய வண்டியைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஆயில் வடிக்கும் போல்ட்டின் தலையிலும் டிஸ்கைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் காலிப்பரின் போல்ட்களிலும் ஊசித் துளைகள் இருக்கின்றனவா பாருங்கள். பந்தயத்தில் போல்ட் கழன்றுவிடாமல் கம்பி கோத்துக் கட்டப் போடும் துளை அது. ஸ்டண்ட் செய்த வண்டியில் டேங்கின் மேல்பக்கம் உட்காருமிடம் போல நசுங்கியிருக்கும், பின் ஸ்ப்ராக்கெட் கம்பெனி அளவைவிடப் பெரிதாக இருக்கும். இரண்டாவது ரகத்தைத் தொடவே வேண்டாம். முன் சக்கரத்தைத் தூக்கியே ஓடிய எஞ்சினுக்கு ஆயில் சரியாகப் போயிருக்காது. சேஸிஸ் எண்ணைக் காகிதத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். கடைசியாக, டயர் ஜோடி, செயின் செட், பேட், பேட்டரி, எல்லா ஆயில்களும் என்று மாற்ற வேண்டியவற்றைக் கூட்டி, அதைக் கேட்ட விலையோடு சேர்த்த பிறகே புதிய வண்டியோடு ஒப்பிடுங்கள். சில நேரம் வித்தியாசம் காணாமல் போயிருக்கும், அப்போது புதிதே வாங்கிவிடலாம்.

வண்டிக்கென்று ஒதுக்கிய தொகையிலிருந்து கவசங்களுக்கானதை முதலிலேயே பிரித்து வைத்துவிடுங்கள், மிச்சத்தில்தான் வண்டி. முகம் முழுவதையும் மூடும் ஹெல்மெட், ஹெல்மெட் பாதுகாப்புத் தரமான இசிஇ 22.06 முத்திரையோடு. மாட்டியபின் கன்னம் இரண்டும் அழுந்த வேண்டும். பட்டையைக் கட்டிக்கொண்டு பின்பக்க விளிம்பைப் பிடித்து முன்னால் உருட்டினால் கழன்று வரக்கூடாது. ஜாக்கெட், பேன்ட் இவற்றில் ஈஎன் 17092 என்ற தரத்தில் ஏஏ அல்லது ஏஏஏ என்று பாருங்கள். உள்ளே வைக்கும் முழங்கை, தோள் அட்டைகளுக்கு ஈஎன் 1621-1. அதிலும் நிலை 2 என்றால் நிலை 1-ஐவிடக் குறைவான அடியே உடம்புக்கு வரும். கையுறை, கணுக்கால் மூடும் பூட்ஸ் இரண்டையும் தள்ளிப்போடாதீர்கள். விழும்போது எல்லோரும் முதலில் ஊன்றுவது கையைத்தான்.

வண்டி வந்ததும் ஓட்டுவதற்கு முன் ஒரு மணிநேரம் அதை உங்களுக்கு ஏற்றபடி மாற்றுங்கள். முன்கையிலிருந்து விரல் வரை ஒரே கோடாக வரும்படி லீவர்களைத் திருப்புங்கள். திருப்பிய பின் கிளாம்ப் போல்ட்டை முழு வலுவில் முறுக்க வேண்டாம். சாதாரணமாகப் பிடித்தால் நகராமல், பலமாகத் தட்டினால் சுழலும் அளவு போதும். விழுந்தால் லீவர் உடையாமல் சுழன்றுகொள்ளும். ஆக்ஸிலேட்டரில் கேபிள் இருந்தால் 2 முதல் 5 மி.மீ. வரை வெற்றாட்டம் இருக்கட்டும். செயின் தொய்வும் காற்றழுத்தமும் பின் சக்கரத்தைத் தாங்கும் கையில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். காற்றை டயர் குளிர்ந்திருக்கும்போதே பாருங்கள். புது டயர் என்றால் முதல் 150 கிலோமீட்டர் மேல்தோல் வழுக்கும், சாய்ப்பதைப் படிப்படியாகக் கூட்டுங்கள்.

பயிற்சி வகுப்பு கிடைத்தால் அதில் சேர்ந்து, அவர்கள் வண்டியிலேயே முதல் பாடத்தை முடியுங்கள். பிறகு சொந்த வண்டியில் காலியான மைதானம். ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் கிளட்சை மட்டும் மெல்ல விட்டு, வண்டி நகரத் தொடங்கும் புள்ளியில் நிறுத்தி, மீண்டும் பிடிப்பது, ஐம்பது தடவை. அது முடிந்த பிறகுதான் ஆக்ஸிலேட்டர். அடுத்து பிரேக். 30 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு விரலால் முன் லீவரை முதலில் தொட்டு, ஃபோர்க் அமுங்கும்வரை ஒரு கணம் காத்து, பிறகு எலுமிச்சை பிழிவதுபோல் அழுத்தத்தைக் கூட்டுங்கள். அந்த ஒரு கணத்தில் எடை முன் டயருக்கு மாறுகிறது. மாறிய பிறகுதான் டயருக்கு முழுப் பிடிப்பு. கை பழகியதும் 40, பிறகு 50. மெதுவாகத் திரும்புவதை எட்டுப் போட்டுப் பழகுங்கள், பின் பிரேக்கை லேசாக இழுத்துக்கொண்டு, பார்வை போக வேண்டிய இடத்தில். ஸ்போர்ட்ஸ் பைக்கின் ஹேண்டில்பார் ஸ்கூட்டர் அளவுக்குத் திரும்பாது. ஒரே வீச்சில் திரும்பிவிடலாம் என்று நினைத்த தெருவில் மாட்டிக்கொள்வீர்கள்.

முதல் 1,500 கிலோமீட்டர் வரை பின்னால் ஆளை ஏற்றாதீர்கள், கூட்டமாகப் போகும் ரைடுக்கும் போகாதீர்கள். முன்னால் போகிறவரின் வேகத்தைப் பிடிக்க முயல்வது உங்களுக்கே தெரியாமல் நடக்கும். அடுத்த வண்டிக்கு எப்போது மாறலாம் என்பதற்குக் கிலோமீட்டர் கணக்கு கிடையாது. அவசர பிரேக் பிடித்த பிறகு "என்ன நடந்தது" என்று தடுமாறாமல், எந்த நொடியில் என்ன செய்தோம் என்று உங்களால் வரிசையாகச் சொல்ல முடிந்தால், ஆர்7 போன்ற ஒன்றைப் போய்ப் பார்க்க ஆரம்பிக்கலாம்.